அலுவலக முறைகேடு: எச்.ஆரிடமா, ஆடிட்டரிடமா, அரசுத் துறையிடமா, ராஜினாமாவா?

பர்ச்சேஸ் பிரிவில் ஒரு கோப்பு. மூன்று சப்ளையர்களிடம் கொட்டேஷன் வாங்கி, விலை குறைந்தவருக்கு ஆர்டர் கொடுத்ததாகக் காட்டியிருக்கிறார்கள். மூன்று கொட்டேஷனிலும் ஒரே சொல்லில் ஒரே எழுத்துப் பிழை. இரண்டு லெட்டர்ஹெட்டில் ஒரே தொலைபேசி எண். ஆர்டர் போனது அந்த இரண்டில் ஒன்றுக்கு. பார்த்தவருக்கு விஷயம் புரிந்துவிடும். அடுத்து என்ன செய்வது என்பதுதான் புரியாது.

‘சொல்லலாமா, வாயை மூடிக்கொண்டு இருக்கலாமா’ என்று மாதக்கணக்கில் மருகுவதில் பயனில்லை. அதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தவறால் கம்பெனியின் பணம் வெளியே போகிறதா, கம்பெனிக்குப் பணம் மிச்சமாகிறதா? மேலே சொன்ன கொட்டேஷன் விவகாரத்தில் நஷ்டப்படுவது கம்பெனி. முதலாளிக்குத் தெரிந்தால் அவரே கொதிப்பார். ஆனால் ஊழியரின் பி.எஃப். பணத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பதிலும், சாயக் கழிவைச் சுத்திகரிக்காமல் ஓடையில் விடுவதிலும், வராத வருமானத்தைக் கணக்கில் காட்டுவதிலும் லாபம் கம்பெனிக்கே. முதல் வகையை உள்ளே சொல்லலாம். இரண்டாம் வகையை உள்ளே சொன்னால், குற்றம் செய்தவரிடமே போய் ‘நீங்கள் செய்தது எனக்குத் தெரியும்’ என்று முன்னறிவிப்புக் கொடுத்ததாக ஆகிவிடும்.

சட்டப் பாதுகாப்பைப் பொறுத்தவரை யாரும் ஏமாற வேண்டாம். முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் 2014இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்றது. நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கைதான் வரவில்லை. வந்திருந்தாலும் அது அரசு ஊழியர்கள் மீதான புகாருக்கு மட்டுமே. தனியார் கம்பெனி ஊழியரைப் பொதுவாகக் காக்கும் சட்டம் இந்தியாவில் கிடையாது. ஆகவே எந்த வழியில் புகார் கொடுக்கிறோமோ, அந்த வழிக்கென்று விதியில் இருக்கும் பாதுகாப்புதான் நமக்குக் கிடைக்கும். வழியைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு கவனம் வேண்டியிருப்பது அதனால்தான்.

பெயர் போடாவிட்டால் தெரியாதா?

மொட்டைக் கடுதாசி எழுதுபவர்கள் கையெழுத்தை மறைக்கிறார்கள். விஷயத்தை மறைக்க மறந்துவிடுகிறார்கள். குறிப்பிட்ட ஒரு பில்லை மூன்று பேர்தான் பார்க்க முடியும், அதில் ஒருவர் தவறு செய்தவர் என்றால், பெயரில்லாத கடிதத்திலும் உங்கள் பெயர் பாதி எழுதியே இருக்கிறது. ‘போன மாதம் நான் ஆட்சேபித்தபோது’ என்று ஒரு வரி வந்தால் மீதியும் எழுதியாயிற்று. பல கம்பெனி மென்பொருள்களில் பிரிண்ட் எடுத்தால் தாளின் அடியில் எடுத்தவரின் ஐ.டி.யும் நேரமும் விழும். அதை அப்படியே இணைத்து அனுப்பி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

எனவே எழுதும் முன் எண்ணிப் பாருங்கள்: இந்தத் தகவல் எத்தனை பேருக்குத் தெரியும்? பத்துப் பேருக்கு மேல் என்றால் பெயர் மறைப்பது ஓரளவு பலிக்கும். இரண்டு மூன்று பேர் என்றால், பெயரோடு, ஆனால் ரகசியம் காக்கக் கடமைப்பட்ட இடத்தில் கொடுப்பதே மேல். பெயரில்லாப் புகாருக்கு இன்னொரு குறை: விசாரிப்பவருக்கு ஒரு சந்தேகம் வந்தால் திரும்பக் கேட்க ஆள் இருக்காது, கோப்பு அதோடு மூடப்படும். அரசு அமைப்புகள் பலவும் மொட்டைக் கடிதங்களை எடுத்துக்கொள்வதே இல்லை.

சான்று சேர்ப்பதில்தான் நல்ல புகார்களும் கெட்டுப்போகின்றன. அலுவலக மெயிலைச் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்வது, மொத்த ஃபோல்டரையும் பென்டிரைவில் இறக்குவது இரண்டும் வேண்டாம். அனுமதியின்றித் தரவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆவது பிரிவில் வருகிறது. கெட்ட எண்ணத்தோடு செய்ததாகக் காட்டிவிட்டால் 66ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கம்பெனி ஐ.டி. பிரிவின் பதிவேட்டில் இது அன்றே பதிவாகும். பிறகு விசாரணை முறைகேட்டைப் பற்றி நடக்காது, உங்கள் ‘டேட்டா திருட்டை’ப் பற்றி நடக்கும். நாம் பார்த்தவரை புகார்தாரரை வீழ்த்தக் கம்பெனிகள் பிடிக்கும் முதல் நூல் இதுதான்.

ஆவணத்தைத் தூக்கி வர வேண்டியதில்லை. அது எங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும். பர்ச்சேஸ் ஆர்டர் எண், பில் எண், தேதி, தொகை, கையெழுத்திட்டவரின் பதவி ஆகிய ஐந்தும் இருந்தால் விசாரிக்க அதிகாரம் உள்ளவர் அதை வரவழைத்துக்கொள்வார். பார்த்ததை அன்றன்றே ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள். உங்களுக்கே வந்த வாட்ஸப் செய்தி என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு மூலச் செய்தியை அழித்துவிடாதீர்கள். அந்தப் போனையும் விற்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் தர வேண்டும். மூலக் கருவி கையில் இல்லையென்றால் அது சிக்கல்.

உள்ளே சொல்வது

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் கம்பெனிகள், வங்கிகளிலும் பொது நிதி நிறுவனங்களிலும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கியவை ஆகிய மூன்றும் ‘விஜில் மெக்கானிசம்’ என்ற புகார் அமைப்பை வைத்திருக்க வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 177ஆவது பிரிவு. விதிவிலக்கான நேரங்களில், கணக்குகளை மேற்பார்வையிடும் இயக்குநர்களின் தணிக்கைக் குழுவின் தலைவரையே நேராக அணுகவும் அதே பிரிவு வழி செய்கிறது. புகார் உங்கள் மேலாளர் மீதோ அவருக்கும் மேலே உள்ளவர் மீதோ என்றால் எச்.ஆரைத் தாண்டி இந்த வழியில் போங்கள். பட்டியலிட்ட கம்பெனி என்றால் அதன் இணையதளத்திலேயே இந்தக் கொள்கையும் அனுப்ப வேண்டிய மெயில் முகவரியும் இருக்கும்.

எச்.ஆர். என்பது நிர்வாகத்தின் கை. அங்கே நல்லவர்கள் இல்லாமலில்லை. ஆனால் அவர்களின் சம்பளத்தையும் பதவி உயர்வையும் தீர்மானிப்பவர் யாரோ அவரைப் பற்றிய புகாரை அவர்களிடம் கொடுத்துவிட்டு நியாயம் எதிர்பார்ப்பது அதிகம். ஐம்பது பேர் வேலை செய்யும் பிரைவேட் லிமிடெடில் தணிக்கைக் குழுவே இருக்காது. அங்கே ‘உள்ளே சொல்வது’ என்றால் முதலாளியிடம் சொல்வதுதான். திருடுவது அவருடைய பணத்தை என்றால் சொல்லலாம். மச்சானோ தம்பியோ சம்பந்தப்பட்டிருந்தால் இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் விவகாரத்தில் கணக்கைப் பெருக்கிக் காட்டியது தலைவரே. 2009 ஜனவரி 7 அன்று ராமலிங்க ராஜு தானே கடிதம் எழுதி ஒப்புக்கொள்ளும் வரை அது வெளியே வரவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் உள்புகார் எத்தனை போட்டாலும் அது போய்ச் சேரும் மேசை ஒன்றே.

உள்ளே கொடுக்கத் தீர்மானித்தால் வாய்வழியாகச் சொல்லாதீர்கள். ஒரு பக்கத்துக்கு மிகாமல் மெயில்; ‘ஊழல்’, ‘மோசடி’ போன்ற தீர்ப்புச் சொற்கள் வேண்டாம்; நடந்தது என்ன, எந்தத் தேதி, எந்த ஆவணம் என்று மட்டும். பதிவு எண் கேளுங்கள். சம்பள உயர்வு கிடைக்காத மனக்குறையை அதில் நுழைத்துவிடாதீர்கள். மொத்தப் புகாரையும் ‘தனிப்பட்ட பகை’ என்று ஒதுக்க அது ஒன்றே போதும். அற்பப் புகார்களைத் திரும்பத் திரும்பக் கொடுப்பவர் மீது தணிக்கைக் குழு நடவடிக்கை எடுக்கலாம் என்றும் விதியில் இருக்கிறது.

யாரும் நினைக்காத வழி: ஆடிட்டர்

கம்பெனியின் சட்டப்பூர்வத் தணிக்கையாளரிடம் சொல்லலாம் என்பது பெரும்பாலான ஊழியர்களுக்குத் தோன்றுவதே இல்லை. கணக்குத் தொடர்பான முறைகேட்டுக்கு இது நல்ல வழி என்பது எங்கள் கருத்து. கம்பெனியின் அதிகாரிகளோ ஊழியர்களோ செய்த, ஒரு கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள மோசடி நடப்பதாக நம்பக் காரணம் இருந்தால் அவர் மத்திய அரசுக்கே அறிக்கை தர வேண்டும் என்கிறது அதே கம்பெனிகள் சட்டத்தின் 143(12) பிரிவு. தெரிய வந்த இரண்டு நாளில் இயக்குநர் குழுவான போர்டுக்கோ தணிக்கைக் குழுவுக்கோ எழுத வேண்டும். அவர்கள் பதில் சொல்ல 45 நாள். அதன்பின் 15 நாளில் அரசுக்கு. அதற்குக் குறைந்த தொகை என்றால் போர்டு மட்டத்தோடு நிற்கும்.

இன்னொன்று, 2020ஆம் ஆண்டுத் தணிக்கை அறிக்கை ஆணைப்படி, அந்த ஆண்டில் கம்பெனிக்கு வந்த முறைகேட்டுப் புகார்களைத் தணிக்கையாளர் கருத்தில் கொண்டாரா என்று அறிக்கையில் எழுத வேண்டும். புகாரை உள்ளே போட்டு அதன் நகலை ஆடிட்டருக்கும் அனுப்பினால் ‘அப்படி எதுவும் வரவில்லையே’ என்று சொல்ல முடியாமல் போகும். சிறிய பிரைவேட் கம்பெனிகளுக்கு இந்த ஆணை பொருந்தாது: மூலதனமும் உபரியும் சேர்ந்து ஒரு கோடி, கடன் ஒரு கோடி, வருவாய் பத்துக் கோடி ஆகிய வரம்புகளுக்குள் இருந்தால் விலக்கு. முப்பது வருடமாக முதலாளியின் குடும்ப ஆடிட்டராக இருப்பவரிடம் சொல்வதும் முதலாளியிடம் சொல்வதும் ஒன்றுதான்.

அரசுத் துறைகள்

பி.எஃப். பிடித்தும் கட்டவில்லை என்பது எல்லாப் புகார்களிலும் சுலபமானது. காரணம், சான்று கம்பெனியிடம் இல்லை, அரசிடமே இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் உங்கள் பங்கு 1,800 ரூபாய். கம்பெனியும் 1,800 போடும். அதில் 1,250 ஓய்வூதியத்துக்குப் போக, 550 உங்கள் கணக்கில் ஏறும். ஒரு மாதத்துப் பணம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். பாஸ்புக்கில் ஏறச் சில நாள் தாமதமாகலாம் என்பதால் இரண்டு மாதம் பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம், பாஸ்புக்கில் வெற்றிடம்: இந்த இரண்டு தாளும்தான் முழுப் புகார். பி.எஃப். அலுவலகத்தின் குறைதீர் தளத்தில் பதியலாம். தனியாகப் பதிந்தால் பெயர் தெரியும். நிலுவை எல்லாருக்கும்தானே, எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்திட்டோ சங்கம் வழியாகவோ கொடுத்தால் ஒருவரைக் குறிவைக்க முடியாது. பிடித்த பணத்தைக் கட்டாமலிருப்பது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆவது பிரிவின்கீழ் நம்பிக்கை மோசடியாகவும் ஆகும்.

இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி ஓட்டுவது, அவசர வழியைப் பூட்டி வைப்பது போன்றவை தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் போக வேண்டும். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 118ஏ பிரிவு, புகார் தந்தவரை ஆய்வாளர் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றதோடு, புகாரின் பேரில்தான் சோதனைக்கு வந்திருக்கிறோம் என்பதைக்கூட நிர்வாகத்திடம் சொல்லக் கூடாது என்றது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆகவே, பெயரை ரகசியமாக வைக்க வேண்டும் என்று புகாரின் முதல் வரியிலேயே எழுதுங்கள். உயிருக்கு ஆபத்து என்கிற விஷயத்தில் ‘முதலில் உள்ளே, பிறகு வெளியே’ என்ற வரிசையெல்லாம் பார்க்கத் தேவையில்லை. அன்றே சொல்ல வேண்டியது அது.

பாலியல் தொல்லை என்றால் பாதையே வேறு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இத்தகைய புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில், ஆறு பிரதிகளாகக் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணைக்கு 90 நாள். அதுவரை தன்னையோ எதிராளியையோ இடமாற்றக் கேட்கலாம், மூன்று மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். பத்துப் பேருக்குக் குறைவான இடத்திலும், முதலாளி மீதே புகார் என்றாலும் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். காலக்கெடுவைத் தவறவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் விபத்து.

உள்வணிகம், அதாவது வெளியாகாத தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பது தெரிந்தால் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் தகவலாளர் திட்டம் இருக்கிறது. 2019 டிசம்பரிலிருந்து நடப்பது. வசூலான தொகையில் பத்து சதவீதம் பரிசு. உச்சவரம்பு முதலில் ஒரு கோடியாக இருந்து 2021இல் பத்துக் கோடியானது. வக்கீல் மூலம் கொடுக்கலாம். செபியிடம் சொல்வதைத் தடுக்கும் எந்த ஒப்பந்த வாசகமும் செல்லாது என்று விதியிலேயே எழுதியிருப்பதால், வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தத்தைக் காட்டி மிரட்ட முடியாது. பரிசை நம்பி வேலையை விடுவது மட்டும் வேண்டாம். மருந்துக் கம்பெனியான ரான்பாக்ஸி மருந்துகளுக்குக் காட்டிய போலித் தரவுகளை அம்பலப்படுத்திய தினேஷ் தாக்கூர் 2005இல் வேலையை விட்டார். கம்பெனி அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது 2013இல். அவருக்குக் கிடைத்த சுமார் 4.8 கோடி டாலர் அமெரிக்கச் சட்டம் கொடுத்த பங்கு. இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லை.

மத்திய அரசு, பொதுத்துறை ஊழியர்களுக்கு

தேசிய நெடுஞ்சாலை ஆணையப் பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கர நெடுஞ்சாலைத் திட்டத்தில் நடந்த ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தும் கடிதம் பல மேசைகளுக்கு அவர் பெயரோடு போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு 2004இல் மத்திய அரசு ‘பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானம்’ கொண்டுவந்து, இத்தகைய புகார்களுக்கு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தைப் பொறுப்பாக்கியது.

இதன் நடைமுறை கறாரானது, ஒரு அடி பிசகினாலும் பாதுகாப்பு போய்விடும். தபாலில் மட்டும், ஒட்டிய உறையில், ஆணையச் செயலாளருக்கு. உறையின் மேல் பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானத்தின்கீழ் வரும் புகார் என்று எழுத வேண்டும். உறையில் உங்கள் பெயர் கூடாது. உள்ளே கடிதத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ, தனித் தாளிலோ பெயரும் முகவரியும் கட்டாயம் இருக்க வேண்டும். புகார் வாசகத்தில் உங்களைக் காட்டிக்கொடுக்கும் குறிப்பு எதுவும் வரக் கூடாது. ஒப்புகைச் சீட்டு வராது. அதைக் கேட்டு மறுகடிதம் போடவும் கூடாது. நகலை அமைச்சருக்கும் பத்திரிகைக்கும் அனுப்பிவிட்டு ரகசியம் எதிர்பார்க்க முடியாது.

மாநில அரசு ஊழியர் மீதான புகார் இதில் வராது. அது லஞ்ச ஒழிப்புத்துறைக்கு. தனியார் கம்பெனி ஊழியருக்கும் இந்தத் துறையோடு ஒரு தொடர்பு உண்டு. லைசென்ஸுக்காக அதிகாரியிடம் ‘கவரை’க் கொடுத்துவிட்டு வா என்று உங்களை அனுப்பினால், ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். வேறு வழியின்றிக் கொடுக்க வைக்கப்பட்டவர் ஏழு நாளுக்குள் போலீஸுக்கோ விசாரணை அமைப்புக்கோ தெரிவித்தால்தான் தப்பலாம். அந்த ஏழு நாளும் ‘மேலாளர் சொன்னார், செய்தேன்’ என்று இருந்துவிட்டால் நீங்களும் அந்த வழக்கில் ஒரு பெயர்.

பத்திரிகை, சமூக ஊடகம்

அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறாகாது. சட்டத்திலேயே விதிவிலக்கு இருக்கிறது. ஃபேஸ்புக் பதிவுக்கு அந்த விதிவிலக்கு கிடையாது. மற்ற வழிகளில் கொடுத்து, பதிவு எண் வாங்கி, காத்திருந்து, எதுவும் நகராத பிறகுதான் இது. பொறுப்பான நிருபர் என்றால் அவரும் முதலில் அந்தப் பதிவு எண்ணைத்தான் கேட்பார்.

ஒன்றும் சொல்லாமல் இருப்பது, அல்லது விலகுவது

இதைக் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டோம். வீட்டுக் கடன், அப்பாவின் டயாலிசிஸ், ஒற்றைச் சம்பளம் என்று இருப்பவர் தள்ளி நிற்பதில் தவறில்லை. ஒரே ஒரு நிலையில் மட்டும் இந்த வழி அடைபட்டுப்போகும்: அந்தத் தாளில் உங்கள் கையெழுத்தும் இருந்தால். ஸ்டோர்ஸில் வராத சரக்கை வந்ததாக எழுதுபவர், பாதுகாப்புச் சோதனை நடக்காமலே பதிவேட்டில் டிக் போடுபவர், போலி பில்லைப் பாஸ் செய்பவர் ஆகியோர் பேசாமல் இருந்தால் நாளைக்கு முதலில் மாட்டுபவர்கள் அவர்களே. குறைந்தபட்சம், ‘சரக்கு வந்ததை நான் நேரில் பார்க்கவில்லை, அதனால் கையெழுத்திட இயலவில்லை’ என்று ஒரு வரி மெயில் போட்டுவிடுங்கள். அது யார் மீதும் புகார் ஆகாது. உங்களுக்குக் கவசம் ஆகும்.

விலகுவதென்றால் வரிசை முக்கியம். சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16, பி.எஃப். பாஸ்புக், நியமன உத்தரவு, கடந்த ஆண்டுகளின் அப்ரைசல் ஆகியவற்றை அக்கவுன்ட் முடங்குமுன் எடுத்து வையுங்கள். இவை உங்களைப் பற்றிய தாள்கள், கம்பெனி ரகசியமல்ல. ரிலீவிங் லெட்டரும் கணக்குத் தீர்வும் கைக்கு வந்த பிறகு அரசுத் துறைக்குப் புகார் கொடுக்கலாம். ஆனால் அந்தத் தீர்வுத் தாளில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அது உங்கள் பாக்கியை முடக்கலாம். குற்றத்தைப் பற்றி அரசிடம் சொல்வதைத் தடுக்காது.

வேலையில் இருந்துகொண்டே கொடுப்பவருக்கும் அந்த அப்ரைசல் தாள்கள் உயிர்நாடி. பழிவாங்கல் ஒருபோதும் ‘புகார் கொடுத்ததால்’ என்று வராது. ‘திறமைக் குறைவு’ என்று வரும், அல்லது ஊர் மாற்றமாக வரும். மூன்று வருடம் நல்ல மதிப்பீடு, புகாருக்கு இரண்டு மாதம் கழித்து திடீர்ச் சரிவு என்று தேதி வாரியாகக் காட்ட முடிந்தால் தொழிலாளர் அதிகாரியிடம் அதுவே பேசும். தமிழ்நாட்டில் கடை, நிறுவனச் சட்டத்தின் 41ஆவது பிரிவு, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமின்றி நீக்கக் கூடாது என்கிறது. மேல்முறையீடும் உண்டு, அதற்கான காலக்கெடு குறுகியது. தொழிற்சாலைத் தொழிலாளிக்குத் தொழில் தகராறு வழி இருக்கிறது. மேலாளர் பதவியில் இருப்பவருக்கு அது கிடைக்காது. ஒப்பந்தத்தில் எழுதிய நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிடலாம். பதவி உயர உயரத் தெரிய வரும் முறைகேடும் பெரிதாகிறது, சட்டத்தின் துணை மட்டும் சுருங்குகிறது. அந்த நிலையில் இருப்பவர்கள் புகாரை எழுதும் முன்பே ஒரு தொழிலாளர் வக்கீலிடம் ஒரு மணி நேரம் செலவழித்து, நியமன உத்தரவை வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.